வாடகைக்கு விடப்படும் வஞ்சகம்

2024 ஏப்ரல் 14 முதல் 17 வரையிலான நான்கு நாள்களில் உலகின் பல நாடுகளில் 70 இடங்கள் சோதனையிடப்பட்டு 37 பேர் கைது செய்யப்பட்டனர். இலண்டன் மாநகரப் பொலிஸார் தலைமை தாங்க, யூரோபோலின் ஒருங்கிணைப்புடன் 19 நாடுகள் சேர்ந்து மேற்கொண்ட அந்நடவடிக்கையின் இலக்கு 'லேப்ஹோஸ்ட்' என்னும் ஓர் இணையத்தளம். 2021 இல் தொடங்கப்பட்ட அத்தளம் செய்த வாணிகம், பிறர் கணக்கைக் கொள்ளையிட விரும்புவோருக்கு வேண்டிய கருவிகளை ஆக்கி மாத வாடகைக்கு விடுவதாகும்.

வாடகை சராசரியாக 249 அமெரிக்க டொலர். இலங்கை நாணயத்தில் ஏறத்தாழ 75,000 ரூபாய். அத்தொகையைச் செலுத்தியவருக்கு 170க்கும் மேற்பட்ட போலித் தளங்களின் பட்டியல் திறக்கப்பட்டது. வங்கியின் முகப்பையோ அஞ்சல் நிறுவனத்தின் முகப்பையோ தெரிவு செய்து ஓரிரு பொத்தான்களை அழுத்தினால், அசலிலிருந்து பிரித்தறிய இயலாத பக்கமொன்று அவர் கைக்கு வந்துவிடும். ஏமாந்தவர் தம் கையடக்கத் தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லை அப்பக்கத்தில் பதிந்த அதே கணத்தில், 'லேப்ராட்' என்னும் துணைக்கருவி அதனை மோசடிக்காரரின் திரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தளம் முடக்கப்பட்டபோது 480,000 அட்டை எண்களும், 64,000 இரகசியக் குறியீட்டெண்களும், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களும் அதன்வழி களவாடப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. அதனுடன் தொடர்புபட்ட போலி இணைய முகவரிகள் குறைந்தது 40,000. அதனைப் பயன்படுத்தியோர் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 பேர்.

இவ்வெண்களுள் வாசகர் நின்று நோக்கவேண்டியது இறுதியில் நிற்கும் 10,000 என்னும் எண்ணே என்பது நம் கருத்து. இவர்களுள் பெரும்பாலோர் ஓர் இணையப் பக்கத்தைத் தாமே ஆக்கும் அறிவும் இல்லாதோராக இருந்திருக்கக்கூடும். யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணை வயலில் உழவு இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பவர் அதன் பொறியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவ்வாறே, திருட்டுக்கு வேண்டிய அறிவு அனைத்தும் கருவிக்குள் அடைக்கப்பட்டுவிட்ட பின்னர், வாடகைக்கு எடுப்பவரிடம் எஞ்சியிருக்க வேண்டியவை பணமும் தீய எண்ணமும் மட்டுமே.

போலிப் பக்கம் காட்டிக் கடவுச்சொல் பறிக்கும் தூண்டில் மோசடிக்கான கருவிகள் நேற்று முளைத்தவையல்ல. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தின் சந்தாதாரரை ஏமாற்றிக் கடவுச்சொல் பறிப்பதற்கென்றே 'ஏஓஹெல்' என்னும் மென்பொருளை ஓர் இளைஞர் ஆக்கிப் பரப்பினார். அந்நாளில் அது ஒரு விடலைத்தனம் என்றே கருதப்பட்டது. இன்று நாம் காண்பது முறையாக வகுக்கப்பட்ட ஒரு தொழில். ஒருவர் போலிப் பக்கத்தை வரைகிறார். மற்றொருவர், முறைப்பாடு வந்தாலும் அகற்றாத வழங்கியில் அதற்கு இடம் கொடுக்கிறார். வேறொருவர் ஆயிரக்கணக்கான எண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தருகிறார். திருடிய பணம் வந்து விழுவதற்குப் பிறர் பெயரில் வங்கிக் கணக்குத் தேடிக் கொடுக்க இன்னொருவர் இருக்கிறார். விளம்பரமும் கற்கைக் காணொளியும் வாடிக்கையாளர் உதவியும் டெலிகிராம் குழுக்களில் நாளெல்லாம் கிடைக்கின்றன. கட்டணம் மறைநாணயத்தில் கைமாறுகிறது. இவர்களுள் எவரும் மற்றவரை முகங்கண்டு அறியார். முழுக் குற்றத்தின் பாரத்தையும் எவரும் தம் தோளில் உணரார். அவ்வுணர்வின்மையே இத்தொழிலின் பெருந்தீங்கு என்போம்.

இதைவிட மலிவான சந்தைகளும் இருந்தன. இந்தோனேசியாவை மையமாகக் கொண்டு இயங்கிய '16ஷொப்' என்னும் சந்தையில் 60 டொலருக்கே ஒரு கருவித்தொகுதி விற்கப்பட்டது. 2023 ஓகஸ்டில் இன்டர்போல் அதன் முடிவை அறிவித்தபோது, 43 நாடுகளில் குறைந்தது 70,000 பேர் அதனால் பாதிக்கப்பட்டிருந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் மூடப்பட்ட 'ஜெனசிஸ்' சந்தையில், ஏற்கனவே களவாடப்பட்ட கடவுச்சொற்களும் உலாவிப் பதிவுகளும் ஒரு டொலருக்கும் குறைந்த விலையிலிருந்து விற்பனைக்கு இருந்தன. 'புல்லட்புரூஃப்லிங்க்' என்னும் சேவையை 2021 இல் ஆராய்ந்த மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. அச்சேவையின் கருவியை வாடகைக்கு எடுத்தவர் திருடிய கடவுச்சொற்களின் படியொன்று, அவர் அறியாமலே கருவியை விற்றவரிடமும் போய்ச் சேர்ந்தது. ஏமாந்தவர் ஒரே தவற்றுக்கு இருமுறை கொள்ளையிடப்படுகிறார்.

இவற்றுக்கும் தீவகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் இருப்பர். நெருங்கிய தொடர்பு உண்டு.

ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும், பிள்ளையோ உடன்பிறந்தாரோ கனடாவிலோ பிரான்சிலோ சுவிற்சர்லாந்திலோ வாழாத வீடுகள் சிலவே. போரும் இடப்பெயர்வும் தீவகத்தைப் பிரித்து உலகெங்கும் இறைத்துவிட்டன. ஊரில் எஞ்சியோரிற் பலர் முதியோர். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசியே அவர்களுக்குப் பேரப்பிள்ளையின் முகம் காட்டும் கண்ணாடியும், பணம் வந்ததை அறிவிக்கும் மணியும். அவர்கள் எந்நாளும் ஏதோ ஒன்றை எதிர்பார்த்தே இருக்கின்றனர்: ஒரு பொதி, ஓர் அழைப்பு, வங்கியில் வரவு வைக்கப்பட்ட ஒரு தொகை. எதிர்பார்த்திருக்கும் மனத்தை ஏமாற்றுவது எளிது.

இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரில் உலவும் போலிச் செய்தி எவ்வாறு தன் வேலையைச் செய்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பொதி வந்திருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, குறித்த நேரத்துக்குள் இணைப்பைத் திறந்து விவரங்களை உறுதிசெய்க என்கிறது குறுஞ்செய்தி. கனடாவிலிருந்து மகள் பொதி அனுப்பியிருப்பதாகச் சென்ற கிழமை தொலைபேசியிற் சொன்னவர் வீட்டில் அச்செய்தியை எவர் ஐயுறுவார்? இணைப்பைத் தொட்டால் திணைக்களத்தின் இலச்சினையுடன் பக்கம் திறக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை முதலிற் கேட்கிறது. அஞ்சலகம் கேட்கக்கூடியவையே அவை. பின்னர் மீள்விநியோகக் கட்டணமென ஒரு சிறு தொகை. தொகை சிறிதாயிருப்பது தற்செயலன்று. பெருந்தொகை கேட்டால் எவரும் தயங்குவர். அட்டையின் எண்ணும் காலாவதித் திகதியும் பின்புறத்து மூன்று இலக்கங்களும் பதியப்பட்டவுடன் திரையில் ஒரு வட்டம் சுழல்கிறது. அவ்வட்டம் சுழலும் சில நொடிகளில், எங்கோ இருக்கும் ஒருவர் அந்த அட்டையைக் கொண்டு வெளிநாட்டுக் கடையொன்றில் பெருந்தொகைக்குப் பொருள் வாங்க முனைகிறார். வங்கி உடனே ஒருமுறைக் கடவுச்சொல்லை அனுப்புகிறது. கடையின் பெயரும் தொகையும் அச்செய்தியிலேயே எழுதியிருக்கக்கூடும், ஆங்கிலத்தில். அவ்வரியைப் படிக்காமல் ஆறு இலக்கங்களை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பதிகிறார் நம்மவர். அத்துடன் முடிந்தது.

தபால் திணைக்களம் தன் பெயரில் உலவும் இத்தகைய செய்திகளைக் குறித்துப் பொதுமக்களை எச்சரித்துள்ளது. ஆயினும் இச்செய்தி நம் திணைக்களத்தை மட்டும் குறித்து நெய்யப்பட்டதன்று. 'டார்க்குலா' என்னும் சீனமொழிக் கருவிச்சந்தையை 2024 மார்ச்சில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியபோது, 100க்கும் மேற்பட்ட நாடுகளைக் குறிவைத்த 20,000 போலி முகவரிகள் அதனுடன் தொடர்புபட்டிருந்தன. அவற்றுட் பெரும்பங்கு அஞ்சல் சேவைகளின் பெயரைத் தாங்கியவை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வடிகட்டிக்குத் தப்பும்பொருட்டு, சாதாரணக் குறுஞ்செய்தியை விடுத்து அப்பிள், கூகிள் நிறுவனங்களின் செய்திச் சேவைகள் வழியே அவை அனுப்பப்பட்டன. 2025 ஏப்ரலில் அக்கருவியில் செயற்கை நுண்ணறிவும் சேர்க்கப்பட்டு, படிவங்களை விரும்பிய மொழியில் ஆக்கிக்கொள்ளும் வசதி தரப்பட்டது. முன்பு தமிழில் வந்த போலிச் செய்தியை அதன் பிழையே காட்டிக்கொடுத்தது. திணறும் வாக்கியத்தையும் பிழைபட்ட எழுத்தையும் கண்ட மாத்திரத்தே முதியவர் ஐயுற்றார். அந்தச் சிறு காவலும் இனி இல்லை.

ஏமாந்த பின்னர் நேரும் இன்னல் தீவகத்துக்கே உரியது. மின்வழிப் பணமாற்றம் நாட்டின் எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கும் நொடிகளில் நிறைவேறுகிறது. நெடுந்தீவில் வாழ்பவர் யாழ்ப்பாணம் போகப் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடல் கடந்து, குறிகட்டுவானில் இறங்கி, பேருந்துக்குக் காத்திருந்து, புங்குடுதீவும் வேலணையும் கடந்து பண்ணைப் பாலம் வழியே நகரை அடையவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகும் இல்லை. கணினிக் குற்றங்களை விசாரிக்கும் பிரிவின் தலைமையகமோ கொழும்பில். முறைப்பாடு கடல் கடப்பதற்குள் பணம் கண்டம் கடந்துவிடுகிறது. கொள்ளையன் எவ்வூரிலிருந்தும் இத்தீவுகளுக்குள் வந்துபோகக்கூடிய இக்காலத்தில், நீதியை நாடுவோர் மட்டும் இன்னமும் படகுத்துறையில் காத்திருக்கும் நிலை எவ்வகையிலும் பொறுக்கத்தக்கதன்று.

கடலில் நேரும் இழப்புக்கு நீதி வகுத்த கற்சாசனமொன்று நயினாதீவில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் பொறிப்பித்த சாசனம் அது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். பிறநாட்டு வணிகர் முதலில் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து சேரவேண்டும் என்றும், அவர்கள் அங்கே காக்கப்படவேண்டும் என்றும் அது விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும், வணிகப் பொருள் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் பாதி அரசுக்கும் பாதி உடையவனுக்கும் உரியவை என்றும் அது வரையறுக்கிறது. அரசன் தன் பங்கைத் தாராளமாகவே எடுத்துக்கொண்டான் என்பது மெய்யே. ஆயினும் கடலில் நேரும் இழப்பை யார் எவ்வளவு தாங்குவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, எவரும் காணும்படி கல்லில் வெட்டி, அப்பகுதி மக்களின் மொழியிலேயே அறிவித்தான். ஏறத்தாழ 850 ஆண்டுகளின் பின்னர், அதே தீவில் வாழும் ஒருவரின் சேமிப்பு மின்வலையில் உடைந்து போகையில், இழப்பை யார் எவ்வளவு தாங்குவது என்று தெளிவாகச் சொல்லும் விதியொன்று இந்நாட்டில் இல்லை. அட்டையைக் கொடுத்த வங்கி, செய்தியைக் கடத்திய தொலைத்தொடர்பு நிறுவனம், போலி முகவரியைப் பதிந்து கொடுத்த பதிவாளர் என ஒவ்வொருவரும் தம் வருவாயைப் பெற்றுக்கொண்டு விலகி நிற்க, இழப்பு முழுவதும் ஏமாந்தவர் தலையில் விழுகிறது.

சட்டமே இல்லையென்று நாம் கூறவில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நடைமுறையில் உண்டு. அதன் 9 ஆம் பிரிவு, குற்றம் புரியும் நோக்குடன் கணினிக் கருவியையோ மென்பொருளையோ கடவுச்சொல்லையோ ஆக்குவதையும் விற்பதையும் பெறுவதையும் பகிர்வதையும் குற்றமாக்குகிறது. நோக்கம் தீயதாயிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை உள்ளமையால், வங்கியின் காப்பை நேர்மையாகச் சோதிக்கும் வல்லுநர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 2015 இல் இலங்கை புடாபெஸ்ட் சமவாயத்தில் இணைந்தது. தெற்காசியாவில் அவ்வாறு இணைந்த முதல் நாடு இதுவே. அச்சமவாயத்தின் 6 ஆம் உறுப்புரையும் இதே கருவி வாணிகத்தைக் குறித்ததே. ஆக, சந்தையைத் தாக்குவதற்கான ஆயுதம் சட்டப் புத்தகத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் கிடக்கிறது. பணத்தைப் பெற்றுக்கொண்ட கணக்கின் உரிமையாளரைப் பிடிப்பதோடு விசாரணை நின்றுவிடுமாயின் அந்த ஆயுதம் துருவேறும். கருவியை எவரிடம் வாங்கினார், கட்டணத்தை எவ்வழி செலுத்தினார், குறுஞ்செய்தியை எவர் அனுப்பிக் கொடுத்தார் என்று ஒவ்வொரு வழக்கிலும் கேட்கப்படவேண்டும். லேப்ஹோஸ்ட் தளம் விழுந்ததும் அத்தகைய கேள்விகளாலேயே. அத்தளத்தின் பயனாளர் பதிவுகள் பொலிஸார் கைக்கு வந்தபின், அவர்களுள் 800 பேருக்கு, நீர் யார் என்பதையும் என்ன செய்தீர் என்பதையும் அறிவோம் என்னும் செய்தி அனுப்பப்பட்டது. பெயர் மறைத்து வாங்கினோம் என்றிருந்தோருக்கு அதைவிடப் பெரிய அச்சம் வேறென்ன?

இவ்விடத்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மோசடியை ஒழிப்பதன் பெயரால் மக்களின் பேச்சையும் எழுத்தையும் கண்காணிக்கும் அதிகாரத்தை அரசு பெருக்கிக்கொள்வதை நாம் ஏற்கமாட்டோம். 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எழுப்பிய அச்சங்கள் இன்னும் ஆறவில்லை. வடக்கில் வாழ்வோருக்குக் கண்காணிப்பு என்பது ஏட்டில் படித்த செய்தியன்று. களவுக்கருவியை விற்பவனைத் தொடர்வதற்கு ஊரார் அனைவரின் உரையாடலையும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. மேற்சொன்ன 9 ஆம் பிரிவும் நேர்மையான விசாரணையும் போதும்.

விழிப்பாயிருங்கள் என்று மக்களுக்கு அறிவுரை கூறுவதோடு தம் கடமை முடிந்தது என்று அதிகாரிகளும் வங்கிகளும் கருதுவார்களாயின் அது பெரும் அநீதி. விழிப்பு வேண்டும், மறுப்பவர் எவருமில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் உலகெங்கும் வலைவிரித்த ஒரு தொழிற்றுறை, அதன் கருவிவினைஞர், மொழிபெயர்க்கும் இயந்திரம், நாள்தோறும் மாறும் முகவரிகள். மறுபக்கத்தில் நயினாதீவில் தனித்திருக்கும் எழுபது வயதுத் தாய். இப்போரில் அவருடைய விழிப்பு ஒன்றையே அரணாக்குவது, அவரைத் தோற்கவிட்டுப் பின்னர் அவரையே குற்றம் சொல்வதற்கு ஒப்பாகும்.

வேறு வழி உண்டென்பதற்குத் தமிழையும் ஆட்சிமொழியாகக் கொண்ட சிங்கப்பூரே சான்று. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிச் செய்திகளால் ஏறத்தாழ 790 வாடிக்கையாளர் 137 இலட்சம் சிங்கப்பூர் டொலரை இழந்தனர். அனுப்புநர் பெயரையே போலியாக்கியமையால், அச்செய்திகள் வங்கி முன்பு அனுப்பிய உண்மையான செய்திகளின் வரிசையிலேயே போய் அமர்ந்தன, படித்தவரும் ஏமாந்தனர். வங்கி இறுதியில் இழப்பு முழுவதையும் ஈடு செய்தது. அதன் பின்னர் வங்கிச் செய்திகளில் இணைப்பு இடம்பெறலாகாது என்றும், புதிய கைப்பேசியில் அடையாளத்தை உறுதிசெய்யும் வங்கி மின்சாவியை இயக்கினால் குறைந்தது 12 மணி நேரம் கழித்தே அது செயற்படவேண்டும் என்றும் சிங்கப்பூர் நாணய ஆணையம் விதித்தது. 2023 சனவரி இறுதியிலிருந்து, பதிவு செய்யாத பெயரில் அனுப்பப்படும் குறுஞ்செய்திகள் மோசடியாக இருக்கக்கூடும் என்னும் முத்திரையுடனேயே கைப்பேசிக்கு வரலாயின. 2024 டிசம்பர் 16 முதல், தத்தம் கடமையில் தவறிய வங்கியும் தொலைத்தொடர்பு நிறுவனமும் தூண்டில் மோசடியின் இழப்பைத் தாங்கவேண்டும் என்னும் பொறுப்புப் பகிர்வு விதி அங்கே நடைமுறையில் உள்ளது. வேறுவகைப் பணமாற்ற மோசடிக்குப் பிரித்தானியாவும் அதே ஆண்டு ஒக்டோபர் முதல் 85,000 பவுண் வரை கட்டாய ஈட்டை விதித்து, அதனை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாகத் தாங்கச் செய்தது. இழப்பில் தமக்கும் பங்குண்டு என்றானவுடன் வங்கிகளின் கவனம் கூர்மையடைவது மனித இயல்பு.

இலங்கை மத்திய வங்கி 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்தது. அவ்வழியில் அடுத்த அடியை அது இனித் தாமதிக்கலாகாது. புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒருவருக்குப் பெருந்தொகை அனுப்பப்படுமாயின் சில மணி நேரம் அதை நிறுத்திவைக்கும் ஏற்பாடும், எந்த நள்ளிரவிலும் தமிழில் பேசிக் கணக்கை முடக்கத்தக்க தொலைபேசி இலக்கமும், இழப்பைப் பங்கிடும் விதியும் வேண்டும். வங்கிகளின், திணைக்களங்களின் பெயரில் எவரும் செய்தி அனுப்ப இயலாதவாறு அனுப்புநர் பெயர்களைப் பதிந்து காக்கும் கடமையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கண்டிப்புடன் நிறைவேற்ற வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல்லுடன் வரும் எச்சரிக்கை வாடிக்கையாளர் தெரிந்தெடுத்த மொழியில் வரவேண்டும். பணம் எந்நாட்டுக் கடைக்குப் போகிறது என்பதைத் தம் மொழியில் ஒரு வரி படித்திருந்தால் தம் சேமிப்பைக் காத்திருக்கக்கூடியவர் எத்தனை பேர்! தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. அவ்வுரிமை பெயர்ப்பலகையோடு நின்றுவிடலாகாது.

தீவகத்தின் நான்கு பிரதேச செயலகங்களும் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய ஒவ்வொன்றிலும் இவ்வகை முறைப்பாட்டை எழுதி வாங்கி, அந்நேரமே வங்கிக்கும் விசாரணைப் பிரிவுக்கும் மின்வழி அனுப்பிவைக்கும் ஓர் அலுவலர் இருந்தால் ஒருவரும் படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக் கணக்கில் இடப்படும் இக்காலத்தில், மிக வறிய குடும்பத்திடமும் ஒரு கணக்கு உண்டு; அதன்மேல் மோசடிக்காரரின் ஒரு கண்ணும் உண்டு என்பதைக் கிராம உத்தியோகத்தர் உணரவேண்டும்.

நம் இளைஞரிடம் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். வேலையின்மை வருத்தும் ஊரில், ஒரு மடிக்கணினியும் சிறு முதலும் கொண்டு விரைந்து பொருளீட்டலாம் என்னும் ஆசை எவர் காதிலும் ஓதப்படலாம். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்து ஜாம்தாரா அவ்வாறே கெட்டது. பிழைப்புக்கு வழியற்றிருந்த சிற்றூர்களின் பிள்ளைகள் வங்கி அலுவலராக நடித்துத் தொலைபேசியில் ஊரைக் கொள்ளையிடத் தொடங்கியதால், அம்மாவட்டத்தின் பெயரே நாடெங்கும் மோசடிக்கு மறுபெயராயிற்று. நம் நாட்டிலும் 2024 யூனில் மடிவெல, பத்தரமுல்லை, நீர்கொழும்பு ஆகிய இடங்களில் இணைய மோசடியில் ஈடுபட்ட இந்தியர் பலர் சுற்றிவளைக்கப்பட்டனர். ஒக்டோபரில் 200க்கும் மேற்பட்ட சீனர் கைதாயினர். கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர் மியன்மாரின் மியாவடி முகாம்களில் அடிமைகளாக அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலைக்கு அடித்துப் பணிக்கப்பட்ட கொடுமையும் நாம் அறிந்ததே. லேப்ஹோஸ்டின் தலைவர்களோடு அதன் சாதாரண வாடிக்கையாளரும் சிறை வாசலைக் கண்டனர் என்பதை மறவாதீர்கள். நீங்கள் அனுப்பும் செய்தி முகமறியாத எவருக்கோ போகிறது என்று எண்ணவேண்டாம். அது திறக்கப்படும் இடம் உங்கள் பாட்டியின் வீட்டைப் போன்ற ஒரு வீடு.

ஏமாந்தோர் பலர் வெளியே சொல்வதில்லை. ஊரார் நகைப்பர், பிள்ளைகள் கடிந்துகொள்வர் என்னும் கூச்சத்தால் இழப்பை நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்குகின்றனர். படித்த மருத்துவரும் வங்கியாளரும் அரச அலுவலரும் இத்தூண்டிலில் அகப்பட்டிருக்கின்றனர். வெட்கப்படவேண்டியவர் விற்றவரும் வாங்கியவருமேயன்றி ஏமாந்தவரல்லர். அத்தகைய செய்தியில் விவரம் கொடுத்துவிட்டதாக ஐயம் எழுந்த கணமே, வேறெதனையும் செய்யுமுன் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள முகவரியே விசாரணைக்கு முதற்சான்று. 101 என்னும் இலக்கத்தில் இலங்கை கணினி அவசர பதிலளிப்புக் குழுவுக்கு அறிவியுங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளே, பொதி அனுப்பும்போது அதன் கண்காணிப்பு எண்ணையும், கட்டணம் முழுவதும் செலுத்தியாயிற்று என்பதையும் பெற்றோரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஏமாந்தார்கள் என்று அறிந்தால் கடிந்து பேசாதீர்கள்.